வாதம் விழுந்த கைக்கும் வேலை கொடுங்கள்

(பாகான் டாலாமில் தோட்டத் தொழிலாளரும் கிராணிமாரும் குடும்பத்தோடு கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெட்டுக்கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசிப் பழகிய நாம் இன்று மூளையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இது டாக்டர்கள் பேசவேண்டிய விஷயம், செக்ரோல் எழுதுகிற கிராணிக்கு இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்விதான். வைத்தியம் சொல்ல நாம் வரவில்லை. டாக்டர் சொன்ன பிறகு வீட்டில் நடக்கவேண்டியதையும், தோட்டத்து ஆபீசில் நடக்கவேண்டியதையும் சொல்லவே வந்திருக்கிறோம்.

இங்கே கூடியிருப்பவர்களில் பலர் செபராங் பிறைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். கித்தாக் காடு செம்பனையாகவும் வீட்டுமனையாகவும் மாறியபோது சட்டிபானையைக் கட்டிக்கொண்டு இந்தத் துறைமுகப் பக்கம் வந்தவர்கள். இன்றும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் மரம் சீவப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் தெருவிலோ உங்கள் லயத்திலோ ஒரு நாற்காலி இருக்கும். அதில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். வலது கை மடியில் கிடக்கும். இடது கையால் ஈ ஓட்டுவார். கேட்டால், "அப்பாவுக்கு வாதம் விழுந்துவிட்டது, இனி அவ்வளவுதான்" என்பார்கள். நல்ல பிள்ளைகள்தான், சோறு ஊட்டுகிறார்கள், குளிப்பாட்டுகிறார்கள், ஒரு குறையும் வைப்பதில்லை. அந்த "அவ்வளவுதான்" என்ற வார்த்தை ஒன்றுதான் குறை. அதை எதிர்த்துத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. மூளையின் எடை உடம்பின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கை அது ஒன்றே தின்றுவிடுகிறது. அதற்குள் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொண்டாலும், வெடித்தாலும் பக்கவாதம். பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொண்டால் நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் அணுக்கள் சாகின்றன என்று 2006-இல் கணக்கிட்டார்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டியது. ஆகவே முகம் ஒரு பக்கம் கோணினாலும், கை தொங்கினாலும், பேச்சுக் குழறினாலும் உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். பாகான் டாலாமிலிருந்து செபராங் ஜெயா மருத்துவமனை தூரமில்லை. உருவிவிட ஆள் தேடுவதும், செய்வினையா என்று பார்க்கப் போவதும் அந்த நாலரை மணி நேரத்தைத் தின்றுவிடும்.

இனி நம் விஷயம். செத்த அணு செத்ததுதான். நாம் சீவின பட்டை சில வருஷங்களில் திரும்ப வளர்கிறது. அதே இடத்தில் மறுபடியும் கத்தி வைக்கிறோம். மூளை அப்படியல்ல. பின் எப்படிச் சிலருக்குக் கை திரும்புகிறது?

கிராணிமாருக்குப் புரிகிற மாதிரி சொல்கிறோம். ஆபீசில் சம்பளக் கணக்குப் பார்க்கும் கிராணி திடீரென்று இல்லாமல் போய்விட்டார். பக்கத்து மேசையில் ஸ்டோர் கணக்குப் பார்த்தவர் அந்தப் புத்தகத்தை எடுக்கிறார். முதல் மாதம் தப்பு, இரண்டாம் மாதம் தாமதம். விடாமல் அவரிடமே கொடுத்துக்கொண்டிருந்தால் ஆறாம் மாதம் ஓரளவு கை வந்துவிடும். புத்தகத்தை எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டால்? ஆறு மாதமல்ல, ஆறு வருஷமானாலும் அவர் கற்றுக்கொள்ளப் போவதில்லை. மூளையிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. செத்துப்போன பகுதியின் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கின்றன. பழைய தொடர்புகள் பலப்படுகின்றன, புதிய கிளைகள் முளைக்கின்றன. ஆனால் வேலை கொடுத்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

இது வெறும் உவமையல்ல, சோதித்துப் பார்த்த விஷயம். 1996-இல் அமெரிக்காவில் ராண்டல் நூடோ என்பவரும் அவர் கூட்டாளிகளும் சிறு குரங்குகளின் மூளையில் கைக்கான இடத்தில் கொஞ்சம் சேதம் உண்டாக்கிப் பார்த்தார்கள். பயிற்சியில்லாமல் விட்ட குரங்குகளுக்கு, சேதமாகாமல் மிஞ்சியிருந்த கைப்பகுதியும் சுருங்கிப்போயிற்று. குழிக்குள் இருக்கும் தீனியை விரலால் எடுக்கும் பயிற்சி கொடுத்த குரங்குகளுக்கு அது சுருங்கவில்லை. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்திலேயே கை குடியேறிவிட்டது. சும்மா இருப்பதால் இருப்பதும் போகும் என்பதுதான் இதில் நாம் கவனிக்கவேண்டியது. குரங்கை இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி நமக்கும் உண்டு. அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.

இந்தத் துறையில் உலகம் அறிந்த பெயர் ஒன்று நம்மவருடையது. டாக்டர் விளையனூர் சுப்பிரமணியம் இராமச்சந்திரன். தமிழ்நாட்டில் 1951-இல் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ கிளையில் பேராசிரியரானவர். கை வெட்டுண்டவர்களைப் பற்றி அவர் ஆராய்ந்தார். யந்திரத்தில் கை போனவர்களைப் பார்த்திருக்கிறோம் அல்லவா? கை இல்லாத இடத்தில் கை இருக்கிறது, வலிக்கிறது என்பார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள், அல்லது மனக்கோளாறு என்பார்கள்.

இராமச்சந்திரன் சிரிக்கவில்லை. முழங்கைக்கு மேலே கை போன ஒரு இளைஞனின் கண்ணைக் கட்டிவிட்டுப் பஞ்சுக் குச்சியால் அவன் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தில் தொடுகிறீர்கள் என்றவன், இல்லாமல் போன கட்டைவிரலிலும் தொடுகிறீர்கள் என்றான். இன்னோர் இடத்தில் தொட்டால் வேறொரு விரல். காரணம் என்ன? மூளையில் உடம்பின் தொடு உணர்ச்சி ஒரு நாடாப்போல வரிசையாகப் பதிந்திருக்கிறது. கனடாவில் பென்பீல்டு என்ற அறுவை டாக்டர் அந்த வரிசையை முன்னமேயே வரைந்து காட்டியிருந்தார். அதில் கையும் முகமும் பக்கத்துப் பக்கத்து வீடு. கை போனதும் அந்த வீடு காலியாயிற்று. முகம் சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. 1992-இல் இதை அவர் வெளியிட்டபோது, வளர்ந்தவர்களின் மூளை ஒரு தடவை அமைந்தால் அமைந்ததுதான் என்று நெடுங்காலம் சொல்லிவந்த பாடம் மேலும் ஆட்டம் கண்டது. அந்த வீடு மாற்றம் சில வாரங்களிலேயே நடந்திருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் நமக்கு மிகவும் பிடித்தது. சிலருக்கு இல்லாத கை முஷ்டி பிடித்தபடி இறுகி, நகம் உள்ளங்கையில் குத்துகிறது. விரிக்கலாமென்றால் கையே இல்லை. இதற்கு இராமச்சந்திரன் ஒரு அட்டைப்பெட்டி எடுத்தார். நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தினார். நல்ல கையை ஒரு பக்கம் விட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் போன கையும் திரும்ப வந்ததுபோல் தெரியும். நல்ல கையின் முஷ்டியை விரித்தால் போன கையும் விரிகிறது. சிலருக்கு அந்தக் கணமே பிடிப்பு விட்டது, வலி குறைந்தது. பல லட்சம் வெள்ளி யந்திரம் ஒன்றும் இல்லை தோழர்களே. சுங்கை பிறைக் கடையில் வாங்கும் கண்ணாடி போதும்! 1999-இல் அவரும் கூட்டாளிகளும் இதே கண்ணாடியைப் பக்கவாதக்காரர்கள் ஒன்பது பேரிடம் முயன்று பார்த்தார்கள். வாதம் விழுந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னே வைத்து, நல்ல கையை ஆட்டி, இரண்டும் ஆடுவதாகப் பார்த்துக்கொண்டே விழுந்த கையையும் ஆட்ட முயல்வது. பிறகு பல நாடுகளிலும் செய்தார்கள். 2018-இல் 62 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து, வழக்கமான பயிற்சியோடு இதையும் சேர்த்தால் கை அசைவில் ஓரளவு முன்னேற்றம் உண்டு என்று கண்டார்கள். ஓரளவு என்றுதான் சொல்கிறோம். கண்ணாடி மந்திரமல்ல. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.

சரி, எவ்வளவு பயிற்சி வேண்டும்? இங்கேதான் நம் தொழில் வந்து நிற்கிறது. 2009-இல் காத்தரின் லாங் என்ற ஆராய்ச்சியாளரும் மற்றவர்களும் அமெரிக்கா, கனடா நாடுகளின் சிகிச்சை நிலையங்களில் 312 பயிற்சி வேளைகளைப் பக்கத்தில் நின்று எண்ணினார்கள். கையைக் கொண்டு ஒரு காரியம் செய்யும் அசைவு, பாதி வேளைகளில் மட்டுமே நடந்தது. நடந்த வேளைகளிலும் சராசரி 32 தடவை! பிராணிகளின் மூளை மாறிய சோதனைகளிலோ ஒரு வேளைக்கு 400, 600 தடவை.

மரம் சீவுகிறவர்களைக் கேட்கிறோம்: ஒரு நாளைக்கு எத்தனை மரம்? ஐநூறுக்குக் குறையாது. ஒவ்வொரு மரத்திலும் கத்தி ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில் இழுபடவேண்டும். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் இல்லை. அந்தக் கை எப்படி வந்தது? முதல் மாதம் மண்டோர் திட்டினார். மூன்றாம் மாதம் காயம் குறைந்தது. ஐநூறு ஐநூறாகத்தான் அந்தக் கை வந்தது. போன கை திரும்பவேண்டுமானாலும் ஐநூறு ஐநூறாகத்தான் கேட்கும். வாரத்துக்கு ஒரு நாள் பிசியோதெரபிக்குப் போய் முப்பது தடவை கையைத் தூக்கிவிட்டு, மற்ற ஆறு நாளும் நாற்காலியில் இருந்தால் மூளை எதைக் கற்றுக்கொள்ளும்?

எண்ணிக்கை ஒன்றே போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அதே லாங் அம்மையார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வாதம் விழுந்து ஆறு மாதத்துக்கு மேலானவர்களுக்கு எண்ணிக்கையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனதால் கூடுதல் பலன் காணவில்லை. அசைவில் ஒரு காரியம் இருக்கவேண்டும், நாளுக்கு நாள் கொஞ்சம் கடினமாகவேண்டும், முடிந்தவரை சீக்கிரத்திலேயே தொடங்கவேண்டும் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். சும்மா கையை ஆட்டுவதைவிட அவரை வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். துணி மடிக்கட்டும். தேங்காய் துருவியதைக் கிண்ணத்தில் அள்ளிப் போடட்டும். சிந்தும். சிந்தட்டும். தாய்மார்களே, நீங்கள் இரண்டு நிமிஷத்தில் செய்வதை அவர் இருபது நிமிஷம் செய்வார். பிடுங்கி நீங்களே செய்துவிடத் தோன்றும். அந்த அன்புதான் அவர் கையைக் கட்டிப்போடுகிறது.

கட்டிப்போடுவது என்றதும் இன்னொன்று. எட்வர்டு டோப் என்பவர், பாதிக்கப்பட்ட கையைப் பயன்படுத்தாமலிருப்பதும் ஒரு பழக்கமாகிவிடுகிறது என்று கண்டவர். முதல் நாட்களில் அந்தக் கையால் எதுவும் முடிவதில்லை. நல்ல கையாலேயே எல்லாம் செய்யப் பழகுகிறார். பிறகு கொஞ்சம் சக்தி திரும்பினாலும் அவர் அதைக் கேட்பதில்லை. இதற்கு அவர் செய்த வைத்தியம், நல்ல கைக்கு உறை மாட்டிவிடுவது! 2006-இல் அமெரிக்காவில் 222 பேரிடம் செய்த சோதனையில், இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு நல்ல கையைக் கட்டி, தினம் பல மணி நேரம் பயிற்சி கொடுத்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்கள் தெளிவாகத் தேறினார்கள். ஒரு வருஷம் கழித்தும் அது நின்றது. விரலையும் மணிக்கட்டையும் கொஞ்சமாவது அசைக்க முடிந்தவர்களுக்கே இது பொருந்தும். கீழே விழும் ஆபத்தும் உண்டு. ஆகவே டாக்டரைக் கேட்காமல் வீட்டில் யாரும் தாத்தாவின் கையைக் கட்டவேண்டாம்.

எச்சரிக்கை இன்னொன்றும் உண்டு. சீக்கிரம் தொடங்குங்கள் என்றோம். அதற்காக முதல் நாளே படுக்கையிலிருந்து இழுத்து நடக்கவைக்கவேண்டாம். 2015-இல் வெளிவந்த பெரிய சோதனை ஒன்றில், 24 மணி நேரத்துக்குள் மிக அதிகமாக எழுப்பி நடக்கவைத்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறவில்லை; கொஞ்சம் மோசமாகவே இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லும் நாளில் தொடங்கினால் போதும்.

இதுவரை கையைப் பற்றிப் பேசினோம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்குக் கை கால் நன்றாகவே இருக்கும், ஆள்தான் மாறிப்போயிருப்பான். மறதி, கோபம், வெளிச்சமும் சத்தமும் ஆகாது, பெரட்டுக்குப் போனால் சொன்ன நிரை மறந்துவிடும். கிராணியாயிருந்தால் கூட்டல் தப்பும். வெளியில் காயம் ஆறியிருப்பதால், "நடிக்கிறான், சோம்பேறி" என்று மண்டோரும் சொல்வார், மாமியாரும் சொல்வார். நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் இப்படி ஒருவரை வேலையை விட்டே நிறுத்தினார்கள்.

ரயிலடிப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு ஒரு ரயில்பாதைத் தொழிலாளியின் கதை சொல்லவேண்டும். பினியஸ் கேஜ் என்று பெயர். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதை போட்ட கூட்டத்துக்கு மேஸ்திரி, வயது 25. 1848 செப்டம்பர் 13-ஆம் தேதி, பாறைத் துளையில் வெடிமருந்தைக் கெட்டிக்கும்போது அது வெடித்து, மூன்றரை அடிக்கும் நீளமான இரும்புக்கம்பி அவன் இடது கன்னத்தின் அடியில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போய் விழுந்தது. பிழைத்துக்கொண்டான். ஆனால் குணம் மாறிவிட்டது, பழைய கேஜ் இல்லை என்று சொல்லி முதலாளிமார் மேஸ்திரி வேலையைத் திரும்பக் கொடுக்கவில்லை. புத்தகங்கள் பலவும் கதையை இங்கேயே நிறுத்திவிடுகின்றன. நிறுத்தக்கூடாது. 1852-இல் அவன் தென்னமெரிக்காவில் சிலி நாட்டுக்குப் போனான். அங்கே சுமார் ஏழு வருஷம் பல குதிரை பூட்டிய பயண வண்டி ஓட்டினான். விடியுமுன் எழுந்து, குதிரைகளைப் பார்த்து, பிரயாணிகளை ஏற்றி, அதே நீண்ட பாதையில் தினமும். ஒழுங்கான அந்த வேலைதான் அவனை மறுபடி மனிதரோடு பழகவைத்திருக்கவேண்டும் என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகிறார்கள். நமக்கும் அப்படித்தான் படுகிறது. கடைசியில் வலிப்பு வந்து 1860-இல் இறந்தான். ஆனால் அந்த ஏழு வருஷம் அவன் உழைத்துச் சாப்பிட்டவன்.

இப்போது ஆபீஸ் விஷயத்துக்கு வருவோம். வாதத்துக்குப் பின் கையும் காலும் வேகமாகத் தேறுவது முதல் மூன்று மாதங்களில். பிறகும் தேறும், ஆனால் மெதுவாக. நம் 1955-ஆம் வருஷ வேலைச் சட்டம் என்ன கொடுக்கிறது? ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருஷத்தில் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் சேரவேண்டியவருக்கு 60 நாள். முன்பு அந்த அறுபதுக்குள்ளேயே இந்த இருபத்திரண்டும் அடங்கியது. 2023 ஜனவரி முதல் தனித்தனி. இரண்டையும் கூட்டினாலும் 82 நாள். மூன்று மாதத்துக்கு இன்னும் ஒரு வாரம் குறைகிறது! இரண்டு வருஷம்கூட ஆகாத தொழிலாளிக்கோ 14-ம் 60-ம்தான். மூளை கடுமையாக வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் வீட்டில் அரிசி தீர்ந்துபோகிறது. அரிசி தீர்ந்தால் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் மகனும் ஓவர்டைம் தேடிப் போய்விடுவான். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில், தலைக்காயத்துக்கும் பக்கவாதத்துக்கும் விடுப்பை நீட்டிக் கேட்கவேண்டும். திரும்பி வருகிறவருக்கு முதலில் அரை நாள் வேலை, இலேசான வேலை கேட்கவேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கேட்காமலே கிடைக்கக்கூடியதும் உண்டு. 1969-ஆம் வருஷச் சட்டப்படி வந்த சொக்சோவைச் சம்பளத்தில் பிடிக்கும்போது மட்டும்தான் நாம் நினைக்கிறோம். வேலையில் மட்டுமல்ல, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போய்வரும் வழியில் நேரும் விபத்தும் அதில் அடங்கும். தற்காலிகமாக வேலை செய்யமுடியாத நாட்களுக்குச் சராசரி நாள்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். 2007 முதல் காயம்பட்டவரை மீண்டும் வேலையில் அமர்த்தும் திட்டம் ஒன்றும் நடக்கிறது. 2014-இல் மலாக்காவில் திறந்த துன் ரசாக் மறுவாழ்வு நிலையம் சொக்சோவினுடையது. சந்தா கட்டியவர்களுக்காகவே கட்டியது. பக்கவாதத்துக்கென்றே தேசியச் சங்கம் ஒன்றும் இருக்கிறது. தாமே பக்கவாதத்தில் விழுந்து எழுந்த ஜேனட் இயோ என்ற அம்மையார் 1996-இல் தொடங்கியது. எதிரே பினாங்குத் தீவிலும் அதற்கு நிலையம் உண்டு.

இதிலே கிராணிமாரின் பங்கு பெரிது. விபத்தை முதலாளி தரப்பு அறிந்து 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கவேண்டும். அந்தப் பாரத்தை நிரப்புவது நாங்கள்தான். "சின்னக் காயம்தானே, நாளைக்குப் பார்ப்போம்" என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டால், மூன்று மாதம் கழித்துத் தலைவலியும் மறதியும் வந்து நிற்கும்போது அந்தத் தொழிலாளியிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. அன்றைய செக்ரோலில் அவர் எத்தனை மணிக்குப் பேர் கொடுத்தார் என்பதையும் தெளிவாக எழுதிவையுங்கள். வழியில் விழுந்தவரானால் போலீஸ் புகாரின் பிரதி ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

நேரமாகிவிட்டது, கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள் எழுந்து நிற்பது தெரிகிறது. வலப்பக்க மேசையில் அட்டைப்பெட்டி ஒன்றும் கண்ணாடி ஒன்றும் வைத்திருக்கிறோம். கை நன்றாக இருப்பவர்களும் உள்ளே விட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும், கண்ணாடியை மட்டும் உடைக்கவேண்டாம். வீட்டில் வாதம் விழுந்தவர் உள்ளவர்கள் கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது, பயிற்சிக்குச் சீட்டு கொடுத்தார்களா என்று நம்மிடம் சொல்லிவிட்டுப் போங்கள். சொக்சோ கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ வந்து படிக்கத் தெரியாமல் வைத்திருப்பவர்கள் அதை எடுத்து வாருங்கள். இரண்டு கிராணிமார் அங்கே உட்கார்ந்திருப்பார்கள், படித்துச் சொல்வார்கள்.